வயதான செயற்கைக்கோள்

பிள்ளைகளே, மழை நேரம் மலைநாட்டுப் புளத்கொகுபிட்டிய ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் பேசியது இது. ஒருவர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா. பக்கத்தில் பேப்பர் வாசிக்கும் தம்பி.

“அக்கா, அமெரிக்கா ஆமிக்காரன் வானிலை பார்க்குற சேட்டலைட்டுக்கு வயசாயிருச்சாம். புதுசு செய்றானுங்களாம்.”

“பழசுக்குப் பென்சன் உண்டா?”

“கிண்டல் பண்ணாதீங்க. மேகத்தைப் பார்த்துத்தான் சண்டைக்குப் பிளேன் அனுப்புவானாம்.”

“புதுசு எப்ப வரும்?”

“பல வருசமாகுமாம்.”

“எங்க தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால மலை வெடிச்சிருக்கு தம்பி. வெடிப்புக்குள்ள நேத்து விரல்தான் நுழைஞ்சிச்சு. இன்னைக்குக் கையே நுழையுது. மேல இருந்து அது தெரியுமா?”

“மேகந்தான் தெரியும்க்கா.”

அக்கா இறங்கும்போது சொன்னார்.

“மலை சரிஞ்சா லயம் தாங்காது. ராவைக்குப் பிள்ளைகளைக் கோயில்ல படுக்க வைக்கிறேன். லயத்துல மத்தவங்களையும் கூப்பிடுறேன்.”