சிவப்பு காட்டாத திரை

கமா தப்பான இடத்தில் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது, சார். சோற்றில் முடி கிடந்தால் உங்களுக்கு எப்படியோ, அப்படித்தான். தனுஷ்கோடி முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்கு 2006-இல் வெப்சைட் எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டு வியாபாரிகள் பார்க்கும் பக்கத்தில் பெரிய எண்களுக்கு மூன்று மூன்று இலக்கமாகக் கமா விழும். நம்மூர்ப் பக்கத்தில் கடைசி மூன்று போக மற்றவை இரண்டிரண்டாக, லட்சம் கோடிக் கணக்கில் விழும். எல்லாம் நானே உட்கார்ந்து எழுதியது.

கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கிற பக்கம் ஒன்றும் உண்டு. எந்த ரூமில் எத்தனை கிராம் வெடிமருந்து இருக்கிறது என்று காட்டும். எடைச் சீட்டு வர வர நான் எண்ணை ஏற்றுவேன். ரூமுக்குப் பதினைந்து கிலோ வரம்பு. தாண்டினால் எண் சிவப்பாகும். போர்மேன் கோட்டைச்சாமிக்கு எண் வாசிக்கத் தெரியாது. நிறத்தைப் பார்த்துத்தான் மருந்தைக் குறைப்பார். சீசன் நேரத்தில் தினமும் நாலைந்து சிவப்பு. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. காராச்சேவு எண்ணெய் வழியும் விரலால் என் திரையைக் குத்தினார். விரலை எடுத்ததும் கைக்குட்டையால் திரையைத் துடைத்தேன்.

"என்னலே இது, காலங்காத்தால ரத்தக்களறியா இருக்கு? இந்தப் பக்கத்துக்கும் கமா போடு. பாக்க லெட்சணமா இருக்கட்டும்."

போட்டேன். மறுநாளிலிருந்து சிவப்பே வரவில்லை. காரணம் மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்துவிட்டது. கமா விழுந்த பிறகு அது கணினிக்கு எண் இல்லை, வெறும் எழுத்து. 24,500 என்பதை வரம்போடு ஒப்பிடச் சொன்னால், கமா வரை படித்துவிட்டு, இருபத்துநாலே கிராம் என்று எடுத்துக்கொள்ளும். முதலில் ஒப்பிட்டு, பிறகு கமா போட்டிருக்க வேண்டும். புரோகிராமில் ஒரு வரியை மேலே தூக்கி வைத்தால் வேலை முடிந்தது.

நான் வைக்கவில்லை. "நம்ம மாரிக்கண்ணன் வந்த பெறகுதான் கம்பெனி ஒழுங்கா ஓடுது" என்று முதலாளி அத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தார். அடுத்த நாளே அந்த எண்ணெய்க் கையின் முன்னால் போய், தப்பு என்னுடையது என்று நிற்பதா? தவளை தன் வாயாலேயே கெடும் என்பார்கள். சீசன் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கோட்டைச்சாமி வந்தார். அலுமினியத் தூளும் வேர்வையுமாக உடம்பெல்லாம் சாம்பல் குழம்பு. சீ, பார்க்கவே முடியவில்லை. உட்கார்ந்துவிடுவாரோ என்று நாற்காலியைக் காலால் தள்ளி வைத்தேன்.

"தம்பி, ஏழாம் நம்பர் ரூம்ல மருந்து கூடிக் கெடக்கிற மாதிரி தெரியுது. செவப்பு வந்தாத்தான் வேலைய நிப்பாட்டணும்ங்காக மொதலாளி. இது என்ன சொல்லுது?"

திரையில் 24,500 கறுப்பாக நின்றது.

"கறுப்பாத்தானே இருக்கு. கம்ப்யூட்டர விடவா உங்க கண்ணு? போய் வேலையப் பாருங்கண்ணே," என்றேன்.

"அதுவும் சரிதான். செல்லத்தாயி அங்கன இருக்காளா, அதான் மனசு அடிச்சுக்கிச்சு," என்று சிரித்துவிட்டுப் போனார். செல்லத்தாய் அவர் மனைவி.

நாற்பது நிமிடத்தில் ஏழாம் ரூம் வெடித்தது. உள்ளே ஐந்து பேர். கருகிய வாடை வந்தது, ஜன்னலைச் சாத்தினேன். எல்லோரும் அங்கே ஓடியிருந்தார்கள். நான் அந்த வரியை மேலே தூக்கி வைத்தேன். ஏழாம் ரூம் சிவப்பானது. அதைத்தான் உங்கள் ஆட்களிடம் காட்டினேன். வரியை மாற்றிய நேரம் கணினியில் பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அதைப் பார்க்க ஆறு மாதமாகும் என்று நினைக்கவில்லை.

கோட்டைச்சாமியிடம், "நீங்க போன கையோட செவந்திருச்சுண்ணே, திரும்பி வந்து பாத்திருக்கலாம்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். தன் கவனக்குறைவுதான் என்று உங்கள் ஸ்டேஷனில் அவரே கைநாட்டு வைத்தார். நான் வற்புறுத்தவில்லை.

போன வாரம் ஜெயிலில் போய்ப் பார்த்தேன். "நாந்தான் அவளக் கொன்னுட்டேன் தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே வந்து சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், சார். கூடப்பிறந்த தம்பி மாதிரி என்னை நம்புகிறவர், தாங்கமாட்டார். எனக்கு இளகின மனசு, அவர் உடைந்துபோவதைப் பார்க்க முடியாது.