நசீம் பானுவுக்குப் போர்த்திய பொன்னாடை

பொன்னாடையைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, சிஸ்டர். ஒருமுறை நனைத்தாலே சரிகை கறுத்துவிடும். அதன் பிறகு ஜன்னலுக்குத்தான் போடலாம். இந்த அறையின் ஜன்னலில் தொங்குவது அப்படி வந்ததுதான். வெயிலை நன்றாகத் தடுக்கிறது. பாராட்டினால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் இதைக் காட்டுவேன்.

நம் கல்லூரியின் வெள்ளி விழா மலருக்காக, சிறந்த பணியாளர் விருது எப்படித் தொடங்கியது, அதனால் கல்லூரி எப்படி வளர்ந்தது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் விடுதிக்குப் புதிய வார்டன். வந்த வாரமே மலர் வேலையையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், பாவம். நான் எழுத உட்கார்ந்தால் மலருக்கு ஏற்ற நடை தானாக வந்துவிடும். அதனால் வாயால் சொல்லிவிடுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழ்த்துறையில் இருந்தேன். ஆகவே பாராட்டுரை என் பொறுப்பு. பௌதிகம் படித்தவர் ஃப்யூஸ் போட வேண்டும், தமிழ் படித்தவர் பாராட்ட வேண்டும் என்பது எல்லாக் கல்லூரிகளிலும் உள்ள வழக்கம். 1972-இல் மதர் பிலோமினா முதல்வராக வந்ததும், கல்லூரி தினத்தன்று பணியாளர் ஒருவரைக் கௌரவிக்கலாம் என்றார். முதல் ஆண்டு மணியடிக்கும் காசிக்குக் கிடைத்தது. அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணி அடிப்பார். சில நாட்களில் சரியான நேரத்துக்கும் அடிப்பார். உரை ஒரு பக்கமாவது வர வேண்டுமே என்று, 'சொந்த வேலைக்காக ஒரு நாளும் விடுப்பு எடுக்க மனம் வராதவர்' என்று ஒரு வரி சேர்த்தேன். காதுக்கு நன்றாக இருந்தது. ஆயர் ஆண்டகை எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள்.

அதன் பிறகு காசி விடுப்பே எடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்து மணியடித்தார். கீழ்பென்னாத்தூரில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வேர்க்கடலை அறுவடைக் காலத்தில் அவர் மனைவி எல்லம்மாள் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எம்மா, மேடையில பேசுன அம்மா நீதானா?"

நான்தான் என்றேன்.

"என்னாத்தச் சொல்லி வச்சம்மா அந்த ஆளுகிட்ட? மல்லாட்ட புடுங்க வாய்யான்னா, பிஷப்பே எந்திரிச்சி நின்னு கைதட்டனாரு, நான் எப்டி லீவு போடறதுன்றான். பிஷப்பு வந்து புடுங்குவாரா?"

காசியைக் கூப்பிட்டு, போய்விட்டு வரச் சொன்னேன். "நீங்களே இப்டிச் சொல்லலாமாம்மா?" என்று என்னை வருத்தத்தோடு பார்த்தார். அன்று ஒன்று தெரிந்துகொண்டேன். திட்டினால் மனிதர்கள் எதிர்த்துப் பேசுவார்கள். பாராட்டினால் பேச மாட்டார்கள். இல்லாத குணம் ஒன்றைச் சபையில் ஒருவர்மேல் போர்த்திவிட்டால், அவர் அதைக் கழற்றுவதில்லை. அதற்கு ஏற்றபடி தன்னைக் குறுக்கிக்கொள்கிறார். அடுத்த ஆண்டு, 'கோபமே அறியாதவர்' என்று நூலகரைப் பாராட்டினேன். அதுமுதல் அவருக்குக் கோபம் வந்தால் அலமாரிக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவார்.

"லூர்து மிஸ், நீங்க சொல்லிட்டா அது நடந்துடுது" என்றார் மதர். அவர் அதைத் தெய்வ அருள் என்று நினைத்தார். நான் மறுக்கவில்லை.

நசீம் பானு 1975-இல் பௌதிகம் நடத்த வந்தாள். தேரடித் தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த நூருல்லா பாயின் மகள். அதுவரை ஆசிரியர் அறையில் நான் ஜன்னல் ஓரமாகத் தனியே உட்கார்ந்து சாப்பிடுவேன். எனக்குத் தனிமை பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் வந்த முதல் வாரமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்காமலே என் டப்பாவைத் திறந்தாள்.

"என்னாக்கா, தினம் எலுமிச்ச சாதம்? உங்க ஊட்ல வேற மரமே இல்லியா?"

மூன்று ஆண்டுகள் அந்த நாற்காலி என் பக்கத்திலேயே இருந்தது.

1978-இல் பௌதிகப் பட்டப்படிப்பு தொடங்கப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி கேட்டிருந்தோம். ஆய்வுக் குழு வரப்போகிறது. துறைக்குத் தலைமை ஏற்க முதல் வகுப்பில் தேறிய ஒருவர் நிலையாக இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது நசீம் மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிஸ்டர். நான் செய்ததெல்லாம் இதற்காகத்தான்.

ஒரு நாள் மதியம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. வேலூர்ல பேப்பர் திருத்தப் போனேன்ல, அங்க ஒருத்தரு. கலீல் ரஹ்மான்னு பேரு. நான் போட்ட மார்க்கக் கூட்டிப் பாத்துட்டு, ரெண்டு கம்மியா இருக்குங்கன்னாரு. சண்ட போட்டேன். பாத்தா அவரு சொன்னதுதான் சரி."

"அப்புறம்?"

"அப்புறம் தினமும் வேணும்னே தப்பாக் கூட்டுனேன்."

கலீலுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. திருமணம் முடிந்ததும் இருவரும் அங்கே போய்விடுவார்கள். அவள் ஆராய்ச்சியில் சேருவாள். அவருடைய அம்மா பீபி ஜான் வாணியம்பாடியிலிருந்து பெண் பார்க்க வரப்போகிறார். "அவரு ஜாஸ்தி பேச மாட்டாருக்கா. பேசுனாலும் பிசிக்ஸுதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அப்போது என் மனதில் வேறு என்ன இருந்தது என்று பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். கோபம் இல்லை, பொறாமையும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன். அது காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். அதற்குப் பிறகு கல்லூரியின் எதிர்காலத்தைப் பற்றி யோசித்தேன். இந்த வரிசையில் யோசித்தேன் என்பதை மலரில் போட வேண்டாம்.

"வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்து காட்டுவானேன்? கல்லூரி தினத்துக்கு அவர்களை வரச் சொல். விருது உனக்குத்தான். மேடையில் உன்னைப் பார்க்கட்டும்" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கை கழுவியிருக்கவில்லை, என் புடவையில் குழம்புக் கறை பட்டது. அழைப்பிதழை நானே பீபி ஜானுக்கு அனுப்பினேன்.

உரையின் மற்ற பகுதிகள் நினைவில்லை. முக்கியமான இடம் இதுதான்: 'நல்ல வரன்கள் தேடி வந்தபோதும், என் மாணவிகளை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று மறுத்தவர், தம் வாழ்வையே இக்கல்லூரிக்குக் காணிக்கையாக்கியவர் நம் நசீம் பானு.'

முதலில் அவள் சிரித்தாள். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்து என்னைப் பார்த்தாள். அதற்குள் ஆயர் ஆண்டகை எழுந்து, பொன்னாடையைப் போர்த்தி, இந்தத் தியாகத்தைப் பல்கலைக்கழகக் குழுவிடம் தாமே எடுத்துச் சொல்வதாக அறிவித்தார். மாணவிகள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுத்துப் பேச வேண்டுமானால் மைக் வேண்டும். மைக் என்னிடம் இருந்தது.

பீபி ஜான் இரண்டாம் வரிசையில் இருந்தார். நல்ல பெண்மணி. போகும்போது நூருல்லா பாயிடம், "பொண்ணு மேல தப்பில்ல பாய். பெரிய மனசு. முன்னாடியே சொல்லிருந்தா எங்களுக்கு பஸ் சார்ஜாவது மிச்சமாயிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று வீட்டில் நசீம் அழுதிருக்கிறாள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நூருல்லா பாய் நன்றி சொல்ல வந்தபோது அவரே சொன்னார். "பிஷப்பு முன்னாடி சொன்ன வார்த்தய மாத்தக் கூடாதும்மான்னு சொல்லிட்டேங்க. நாளைக்கு, பையனைப் பாத்ததும் புத்தி மாறிடுச்சின்னு ஊரு பேசும். சரிதானுங்களே?" சரிதான் என்றேன்.

அடுத்த வாரம் கலீல் ரஹ்மானே வந்தார். பார்வையாளர் அறையில் மாதா படத்துக்குக் கீழே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உண்மையிலேயே அதிகம் பேசாதவர்தான்.

"மேடையில சொன்னது அவங்களே சொன்னதுதானுங்களா? ஒரு வார்த்த நேர்ல கேட்டுட்டுப் போயிடறேங்க."

"வகுப்பில் இருக்கிறாள். ஆயர் முன்னிலையில் பொய் சொல்வோமா, தம்பி?" என்றேன்.

அவள் வகுப்பில் இருந்தது உண்மை. மற்றது கேள்வி. எனவே நான் பொய் சொல்லவில்லை. மணி அடிக்கட்டும், காத்திருக்கிறேன் என்றார். நான் வெளியே வந்து, அடுத்த மணியைச் சற்றுத் தள்ளி அடிக்கும்படி காசியிடம் சொன்னேன். காசி நேரம் தவறினால் யாருக்கும் சந்தேகம் வராது. வாணியம்பாடிக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று கலீல் கிளம்பினார். அவர் கேட்டைத் தாண்டிய பிறகு மணி அடித்தது. நசீம் வகுப்பிலிருந்து வெளியே வந்தாள்.

குழு வந்தது, அனுமதி கிடைத்தது. நீங்கள் பார்க்கும் மாடிக் கட்டடம் பௌதிகத் துறைதான். வேங்கிக்கால் ஏரிக்கரையிலிருந்து பார்த்தாலே தெரியும். முன்னேற்றம் என்று மலரில் எதைப் போடுவது என்று கேட்டீர்கள். அந்தக் கட்டடத்தின் படத்தைப் போடுங்கள்.

நசீம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டவள் மிஸ் என்று கூப்பிடத் தொடங்கினாள், அவ்வளவுதான். மதியத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அறையில் வேறு இடம் இல்லை என்பது வேறு விஷயம். சாப்பிடும்போது பேசமாட்டாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து வந்து அறை எடுத்து மௌனம் தேடுகிறார்கள். எனக்கு அது பத்து ஆண்டுகள் தயிர்சாதத்தோடு கிடைத்தது.

காசி ஓய்வு பெற்ற அன்று, மரத்தடியில் நின்று அவளிடம் ஏதோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். மணியைப் பற்றித்தான் இருக்கும். அவருக்கு வேறு என்ன பேசத் தெரியும்?

போன ஆண்டு நான் ஓய்வு பெறும் நேரத்தில், விருதுக்கு என் முறை வந்தது. பாண்டிச்சேரியில் என் தங்கை சவரியம்மாள் எனக்கென்று மாடியில் ஓர் அறை கட்டியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். இதையெல்லாம் நசீமிடம் மதியச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் பேசாதவர்களிடம் சொல்வது சுலபம். அன்று மட்டும் அவள் நிமிர்ந்தாள்.

"உங்க தங்கச்சி விழாவுக்கு வர்றாங்களா மிஸ்? நானே இன்விடேஷன் அனுப்பறேன்."

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி.

அப்போது அவள் துணை முதல்வர். பாராட்டுரையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். "நம்ம லூர்து அக்கா" என்று தொடங்கினாள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அக்கா. எனக்குக் கண் நிறைந்துவிட்டதால் அடுத்து வந்ததைச் சரியாகக் கவனிக்கவில்லை. 'ஓய்வு பெற்றாலும் இந்த வளாகத்தை விட்டுப் போகமாட்டேன், விடுதிப் பிள்ளைகளுக்குத் தாயாகக் கடைசி மூச்சுவரை இங்கேயே இருப்பேன் என்று என்னிடம் சொன்னவர்' என்றாள். மாணவிகள் எழுந்து நின்றார்கள். மதர் பிலோமினா முதுமையிலும் சக்கர நாற்காலியில் வந்திருந்தார், அழுதார். பொன்னாடை தோளில் விழுந்தது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் வாயைத் திறந்தேன். மைக் அவளிடம் இருந்தது.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்க்கா. மாடியில பாத்ரூம்லாம் கட்டிட்டேனே" என்றாள் சவரியம்மாள். அன்று மாலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். மாடியை வாடகைக்கு விட்டுவிட்டதாகக் கேள்வி.

நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை புரிகிறது, சிஸ்டர். ஆமாம், அவள் வாழ்க்கையை அவளிடம் கேட்காமல் எடுத்துக் கல்லூரிக்குக் கொடுத்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் எனக்குச் செய்ததைப் பழி என்று எழுதிவிடாதீர்கள். ஒருவரைப் பிரிய மனம் வராதபோதுதான் அப்படி ஓர் உரை எழுத முடியும். அது எனக்குத் தெரியாதா?

என் மேசையில் ஏன் இரண்டு தட்டு என்று விடுதிச் சமையற்காரம்மாவிடம் கேட்டீர்களாம். துணை முதல்வருக்குத் தனி அறை கொடுத்துவிட்டார்கள். வேலையும் அதிகம். அதனால்தான் இந்த ஒரு வருடமாக அவளால் வர முடியவில்லை. நாளைக்கு எலுமிச்சை சாதம் செய்யச் சொல்லியிருக்கிறேன். தட்டை மட்டும் எடுக்கச் சொல்லிவிடாதீர்கள்.