நாலு மணிப் பேச்சும் வாசல்ல நின்ன டாக்ஸியும்

...இதுக்கா காலையில அஞ்சரைக்கே வந்து மாவு பிசைஞ்சேன்? பாருங்கண்ணே, நாப்பத்தெட்டுப் பேருக்குச் செஞ்ச ஷ்பெட்ஸ்லே, முட்டை போட்ட நூடுல்ஸ். ஒருத்தர் தொடலை! ஆறிப்போயி பசை மாதிரி கிடக்கு. இந்தக் கணித ஆராய்ச்சி விடுதியில கணக்குக்காரங்களுக்குச் சமைக்கிறதும் ஒண்ணு, காட்டு மானுக்குப் பந்தி வைக்கிறதும் ஒண்ணு.

டாக்ஸிதானே? இம்கேம்மா கூப்பிட்டாங்களா? வருவாங்க, பெட்டி கட்டுறாங்க. ஹாரன் மட்டும் அடிச்சிராதீங்க, நூலகத்துல இருந்து சண்டைக்கு வந்துருவாங்க. உக்காருங்க, காப்பி ஊத்துறேன். அட, உக்காருங்கன்னா!

பாவம்ணே அந்தப் பொண்ணு. முப்பத்தொரு வயசு, இன்னும் நிரந்தர வேலை இல்ல. இன்னிக்கு நாலு மணிக்கு அதோட பேச்சு. முன் வரிசையில புரொபசர் ரூலாண்ட். அவரோட பல்கலைக்கழகத்துல ஒரு இடம் காலியா இருக்கு. பேச்சு நல்லா அமைஞ்சா அந்த இடம் இவளுக்குத்தான். இப்ப மணி ரெண்டரை. இவ என்னடான்னா ஊருக்கு ஓடப் பாக்குறா!

என்ன பேச்சா? எனக்கென்ன தெரியும், ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. ஆனா எட்டு வருசமா இவங்களுக்கு சூப் ஊத்துறேன், காதுல விழாதா? முக்கோண வகைமைன்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு அம்பு போட்டா, மூணாவதா ஒண்ணு வந்து நிக்கும். முக்கோணம். ஆனா அந்த மூணாவது எந்த வழியா வந்துச்சுன்னு எழுதி வைக்கலையாம். அங்கதான் வினை. அதனால கீழ ஒரு அஸ்திவாரம் போடுறாங்க. வந்த வழி, ரெண்டு வழியும் ஒண்ணுதாங்கிறதுக்கு ஒரு சாட்சி, அந்தச் சாட்சிக்கு ஒரு சாட்சி... மேல மேல, முடிவே கிடையாது! எங்க மாமியார் விசாரிக்கிற மாதிரி.

சரி. மேல ஒரே வீடு. கீழ அஸ்திவாரம் ரெண்டு விதமா இருக்க முடியுமா? முடியாது, ஒண்ணே ஒண்ணுதான்னு இம்கே நிரூபிச்சு வெச்சிருந்தாளே! மூணு வருச உழைப்புண்ணே, இன்னிக்கு மத்தியானம் கெட்டுப் போச்சு.

ம்? யாரு கெடுத்தாவா? அது... இருங்க, சக்கரை போடுறேன்.

இங்க ஒரு பழக்கம். கைத்துணி ஒவ்வொண்ணையும் பேரு எழுதின உறையில போட்டு, வேளைக்கு வேளை கலைச்சு மேசையில வைப்போம். உறை எங்கயோ, இடம் அங்க. ஒரே கும்பல் ஒரே மூலையில ஒட்டிக்கக் கூடாதுல்ல? திங்கக்கிழமையில இருந்து ஆறு வேளையா இம்கேயோட உறை ரூலாண்ட் பக்கத்துலயே விழுது. அதிர்ஷ்டம்னு எல்லாரும் சொன்னாங்க. அதிர்ஷ்டமாவது! கலைக்கிறது யாரு... சரி, நான்தான் வெச்சேன். அப்படிப் பாக்காதீங்க. பழகட்டும், வேலை கிடைக்கட்டும்னு வெச்சேன்.

மத்தியானம் சூப் ஊத்துறேன். இம்கே அவருகிட்ட, "ஒவ்வொரு முக்கோணத்துக்கும் தனித்தனியா ஜோடி கிடைச்சிருச்சு"ங்கறா. என் வாய் சும்மா இருக்குமா? "எங்க பையன் மாட்ஸும் இப்படித்தான்மா. நாலு வயசு. தானே கோட்டு போட்டுக்கிட்டு, 'எல்லாப் பட்டனுக்கும் ஓட்டை கிடைச்சிருச்சு'ன்னு வந்து நிப்பான். ஒவ்வொண்ணும் ஓட்டையிலதான் இருக்கும், ஆனா ஒண்ணுக்கொண்ணு குறுக்க மறுக்க!"ன்னேன்.

மேசையே சிரிச்சுது. இம்கே சிரிக்கலை. கரண்டியை வெச்சா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "நாலாவது படி"ன்னா, அவ்வளவுதான். ஜோடி ஜோடியாப் பாத்தவ, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதான்னு பாக்கலையாம். ஓன்னு அழுதுக்கிட்டு மாடிக்கு ஓடிட்டா. மத்தவங்க அப்படியே எழுந்து கரும்பலகைக்குப் போயிட்டாங்க.

நான் ஒரு கூறுகெட்ட பொம்பளைண்ணே! வாயை வெச்சுக்கிட்டு சூப்பை மட்டும் ஊத்தியிருக்கலாம்.

ஆனா ஒண்ணு. அந்த ரூலாண்ட் திட்டவே இல்ல. பலகை முன்னாடி நின்னு மீசையைத் தடவிக்கிட்டு, "ஒத்துப் போகலைன்னா அஸ்திவாரம் ரெண்டு இருக்குதோ என்னமோ! அது இதைவிடப் பெருசாச்சே"ங்கறார். அதைக் கேக்க அந்தப் பொண்ணு அங்க இல்ல. கதவைத் தட்டித் தட்டிப் பாத்தேன், திறக்க மாட்டேங்குறா...

என்ன எந்திரிச்சிட்டீங்க? ரயிலடியில வேற ஆள் காத்திருக்காங்களா? எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு இருக்குறதா? அதுவும் நியாயந்தான். போங்கண்ணே, தாராளமாப் போங்க! பாலத்துகிட்ட வளைவு, பாத்து!

...அப்பாடா. போயிட்டான்.

வாங்க இம்கேம்மா. டாக்ஸியா? வந்துச்சு, போயிருச்சு. இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரே வண்டிதான், திரும்பி வர அஞ்சு மணியாவும். முறைச்சா முறைங்க. பெட்டியை இப்படிக் குடுங்க, அடுப்பங்கரையில இருக்கட்டும். மூஞ்சியைக் கழுவிக்கிட்டு சீக்கிரம் உள்ள போங்க. அங்க நாப்பத்தேழு பேரு உங்க நாலாவது படி என்னன்னு தெரியாம அடிச்சுக்கிறாங்க. அதை என்னையா போயி சொல்லச் சொல்றீங்க?