ஒன்பதாம் எண்ணை உத்தரத்தில் ஏற்றலாமா?

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் அம்மையார் டோரீன் லெபாஜ் அவர்களே! பிளாக்தார்ன் பனி அரங்கத்துக்குத் தங்கள் முழங்கால்களைக் காணிக்கையாகக் கொடுத்த பெரியோர்களே! கனடாவின் இந்தச் சஸ்காச்சுவன் குளிரில் விடியுமுன் எழுந்து, உறைந்த வண்டியை உதைத்துக் கிளப்பி, உறங்கும் பிள்ளையைப் பின்னிருக்கையில் கிடத்திப் பயிற்சிக்குக் கொண்டுவந்து சேர்த்த தாய்மார்களே! இன்றைய விருந்துக்குப் பெரோகிக் கொழுக்கட்டை பிடித்துப் பிடித்தே விரல் வீங்கியவர்களே! வான்கோழியில் எலும்பை மட்டும் மிச்சம் வைத்த வாலிபர்களே! ஜோலீன் டேவ்ஸ் ஆகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். என் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். லோர்ன் மாமா, நீங்கள் இப்போதே தூக்க வேண்டாம். நான் இன்னும் தொடங்கவே இல்லை.

தட்டுகளை எடுத்ததும் வாக்குப்பெட்டி வரப்போகிறது. கேள்வி ஒன்றுதான். நம் பனி ஹாக்கி அணியின் ஒன்பதாம் எண் சட்டையை அரங்கத்தின் உத்தரத்தில் ஏற்றப் போகிறோம். அதன் கீழே எழுத வேண்டியது எவர் பெயர்? மெட்ரோ ஹாவ்ரிலுக்கா? கர்ட்டிஸ் ஃபேரா? அன்றைய வீரரா? அண்மைய வீரரா? ஏறிய எண் இறங்காது. அதன்பின் இந்த ஊரில் எவரும் அதை அணிய முடியாது.

என் நிலைமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர்காலத்தில்தான் நம் ஊரின் முதல் பெண்கள் அணி களம் இறங்குகிறது. என்ன எண் வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஒன்பது என்றேன். வாக்கு முடியட்டும் என்று செயற்குழு நிறுத்தி வைத்திருக்கிறது. பனித்தரை மெழுகும் வண்டியை ஓட்டுகிறவள் இரு கட்சிக்கும் பொதுவானவள் என்று எண்ணி என்னை மேடை ஏற்றினீர்கள். நான் பொதுவானவள் அல்ல. சிரியுங்கள், பரவாயில்லை. ஏற்றியவளை இனி இறக்க முடியாது.

மெட்ரோ ஆடியதை நான் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். அவர் காலத்தில் தலைக்குக் கவசம் உண்டா? இல்லை. தலையில் இருந்தது எண்ணெய் மட்டுமே. காலுக்குக் கதகதப்பு உண்டா? இல்லை. காலணிக்குள் இருந்தது செய்தித்தாள் மட்டுமே. கையில் வளைவில்லாத மரமட்டை, காலடியில் வெயில் பட்டால் குழையும் பனி. அதில்தான் ஆடினார், அதில்தான் அடித்தார், அதில்தான் தொழில்முறை ஆட்டம் வரை உயர்ந்தார். அவர் மூக்கு மும்முறை ஒடிந்தது. முதுகு ஒருமுறையும் வளையவில்லை!

கர்ட்டிஸ் மட்டும் குறைந்தவரா? அவர் காலத்தில் எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காளை. வலைக்கு முன் நின்ற கோல்காவலரோ, கவசம் போட்ட கதவு. கோல் போட இருந்தது சின்ன இடுக்கு. அந்த இடுக்கில் ரப்பர் வட்டைச் செருகினார். மெட்ரோவைவிட இருமடங்கு கோல் போட்டார். அதே ஒன்பதாம் எண்ணில் போட்டார்!

இவர்களில் பெரியவர் யார் என்று காப்பிக்கடையில் நீங்கள் இரண்டு மேசையாகப் பிரிந்து பத்து ஆண்டாகப் பேசுகிறீர்கள். ஜன்னலோர மேசை கர்ட்டிஸ் கட்சி. அடுப்போர மேசை மெட்ரோ கட்சி, அதற்குத் தலைவர் நம் லோர்ன் மாமா. அன்றைய ஆள் இன்று வந்தால் காற்றிலேயே விழுந்துவிடுவார் என்று ஒரு மேசை கேலி செய்யும். இன்றைய ஆளை அன்று கொண்டுபோய் விட்டால் அம்மாவைத் தேடி அழுவான் என்று மறு மேசை திருப்பிக் கொடுக்கும். இத்தனை பேச்சில் ஒருவர் மட்டையை ஒருவர் தொட்டுப் பார்த்ததுண்டா? போன ஞாயிறு வரை இல்லை.

போன ஞாயிறு, லோர்ன் மாமாவின் பண்ணைக்குப் பின்னால், குட்டை உறைந்த முதல் நாள். வழக்கம்போல எல்லோரும் மட்டைகளை நடுவே குவித்தோம். கண்ணை மறைத்துக்கொண்டு ஒருவர் இடம் ஒன்று, வலம் ஒன்றாக வீச வேண்டும். எந்த மட்டை எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்குரியவர் அந்த அணி. பெரிய வீட்டுப் பிள்ளை, சின்ன வீட்டுப் பிள்ளை, புகழ்பெற்றவர், பெயரில்லாதவர் என்ற பேதம் குவியலுக்குத் தெரியாது. அன்று என்னை மண்டியிடச் சொன்னார்கள். கம்பளிக் குல்லாயைக் கண்வரை இழுத்துக்கொண்டேன்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மெட்ரோ, "என் மட்ட இன்னும் சாகல. அதையும் போடு" என்று வீசினார். நான் பிரித்துவிட்டுக் குல்லாயை உயர்த்திப் பார்த்தால், மெட்ரோ மட்டையும் கர்ட்டிஸ் மட்டையும் ஒரே பக்கத்தில் கிடந்தன. இருவரும் மோதுவதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு முகம் விழுந்துவிட்டது. லோர்ன் மாமா விடுவாரா?

"ஏம்ப்பா கர்ட்டிஸ், இன்னிக்குப் பெரியவரோட அந்தக் கட்டையால ஒரு தடவ தூக்கி அடி பாப்போம்."

கர்ட்டிஸ் அடித்தார். வட்டு தரையோடு தரையாகப் போய்ப் பாதியில் படுத்துவிட்டது. இன்னொருமுறை அடித்தார். கைதான் அதிர்ந்தது, வட்டு எழவில்லை.

"பெரியவரே, இத வெச்சா வலையோட மேல் மூலைல போட்டீங்க?" என்று மெட்ரோவிடம் கேட்டார்.

"யாருப்பா போட்டா? எல்லாம் கீழ் மூலைதான். மேல போச்சுன்னா அன்னிக்குக் காத்து அடிச்சிருக்கும்."

பிறகு மெட்ரோ கர்ட்டிஸின் மட்டையை வாங்கினார். உள்ளே ஒன்றுமே இல்லையே என்று தட்டிப் பார்த்தார். பூட்ஸ் காலோடு நின்று ஒரே ஒரு அடி. வட்டு பனிமேட்டைத் தாண்டிப் பறந்து, லோர்ன் மாமா வண்டியின் முன்விளக்கைப் பதம் பார்த்தது. எல்லோரும் சிரித்தோம். மெட்ரோ சிரிக்கவில்லை.

"தம்பி, கெழவன் அடிச்சாலே இந்த வேகம். இதுக்கு முன்னாடியா நீ அத்தன வருஷம் நின்ன?"

அவையோரே, இருபெரும் வீரர்களையும் ஒப்பிட்டு இந்த ஊர் பேசிய பேச்சிலெல்லாம் உயர்ந்த பேச்சு அந்த ஒற்றை வரிதான்!

அதற்குப் பின் மெட்ரோ சொன்னதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அவர் ஆட்டத்தை விட்ட ஆண்டே ஒன்பதாம் எண்ணை உத்தரத்தில் ஏற்ற இதே ஊர் முடிவு செய்ததாம். விருந்து நடந்ததாம். சட்டையைத் துவைத்துத் தேய்த்தும் வைத்தார்களாம். பிறகு?

"ஏணி ஒடஞ்சு போச்சு. அடுத்த வாரம்னாங்க. அப்புறம் யாரும் ஏறல."

ஏறாத சட்டை பெட்டிக்குள் போனது. பெட்டியில் கிடந்த சட்டையை, மெட்ரோ போட்ட எண் என்று கேட்டு, எட்டு வயதில் எடுத்து மாட்டியவர் கர்ட்டிஸ். அது முழங்காலைத் தொட்டதாம். அன்று நல்ல ஏணி ஒன்று இந்த ஊரில் இருந்திருந்தால்? ஒன்பது உத்தரத்தில் தொங்கியிருக்கும். கர்ட்டிஸ் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருப்பார். அண்ணாந்து பார்த்தவர் அடித்து ஆடியிருப்பாரா? ஒருவேளை ஆடியிருப்பார். ஆனால், "எட்டு வயசுல அந்தச் சட்டைக்குள்ளதான் எனக்குப் பயம் போச்சு" என்று அவரே அன்று குட்டையில் சொன்னார். இதோ முதல் வரிசையில் தலையசைக்கிறார், பாருங்கள்.

காலத்தோடு காலத்தை மோதவிட்டு யார் பெரியவர் என்று கேட்கிறோம். அவர்களோ மோதிக்கொள்ளவில்லை, ஒருவர் கழற்றியதை ஒருவர் அணிந்தார்கள். மரமட்டைக்கும் மாயமட்டைக்கும் நடுவே மாறாமல் வந்தது அந்தச் சட்டை ஒன்றுதான். அதையா தூசி படியத் தூக்கிக் கட்டுவது?

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, மெட்ரோ என்றும் எழுதாதீர்கள், கர்ட்டிஸ் என்றும் எழுதாதீர்கள். வாக்குச்சீட்டில் 'குவியல்' என்று எழுதுங்கள். ஆண்டுதோறும் முதல் பனி உறையும் நாளில் ஒன்பது கேட்கிறவர்கள் எல்லோரும் மட்டையைக் குவியலில் போடட்டும். கண்ணை மறைத்தவர் கையில் முதலில் வருகிற மட்டைக்கு அந்த ஆண்டுச் சட்டை. ஆணோ பெண்ணோ, குவியல் கேட்காது. என் மட்டையும் அதில் கிடக்கும். வேறொருவர் மட்டை முதலில் வந்தால், அவர் ஆடப்போகும் பனியை நான் மெழுகித் தருவேன். கண்ணாடி போல மெழுகித் தருவேன்!

ஒரே ஒரு செய்தி. இன்று நம் அரங்கத்தில் நல்ல ஏணி ஒன்று இருக்கிறது. அதுதான் என் பயம். வரும்போது அதைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். சாவி இதோ, தலைவர் அம்மாவின் தட்டருகே வைக்கிறேன். எடுப்பதும் விடுவதும் உங்கள் கையில்.

இவ்வளவு நேரம் பெரோகியை ஆறவிட்டு என்னைக் கேட்ட உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. லோர்ன் மாமா, உங்கள் முன்விளக்குக்கு என் ஆழ்ந்த அனுதாபம். அவைக்கு என் வணக்கம்.