சபைச் சரித்திரத்தில் வென் சொல்ல வேண்டிய வரி

"பாஷியா! பாஷியா!"

குப்புறப் படு. சீனத்துல அதுக்கு அதான் அர்த்தம். கத்துறது மூப்பர் யாங். நான் ஜெபக்கூடத் தரையில கிடக்கேன். கன்னம் சிமெண்டுல. வாய் நிறைய சுண்ணாம்புத் தூசி. பக்கத்துல என் வீட்டுக்காரர் வென். அவர் கை என் பிடரியில. அமுக்குறார்.

மொதல்ல மலைக்கு அந்தப் பக்கம் "டொக்". அது குண்டு கிளம்புற சத்தம். பெறகு விசில். விசில் நீளமாப் போனா தலைக்கு மேல தாண்டிப் போகுது. வெட்டுன மாதிரி நின்னா, இங்கதான். அன்னைக்கு நின்னுச்சு.

கூரை இடிஞ்சு கீழ வந்துருச்சு.

அது பர்மா. சீன எல்லையை ஒட்டுன ஷான் மலையில ஒரு சின்ன ஊர். மழை விட்டு பனி ஆரம்பிச்ச மாசம், சண்டை நடந்துக்கிட்டிருந்த நேரம். ஞாயித்துக்கிழமை காலை ஆராதனை. என் பேரு செல்வி. எங்க தாத்தா நிலக்கோட்டையிலருந்து பர்மாவுக்குப் பொழைக்கப் போனவர். நான் பொறந்தது அங்கதான். கட்டிக்கிட்டது சீனக்காரரை. அப்படித்தான் அந்தச் சீனச் சபைக்கு மருமகளாப் போனேன். இப்ப நிலக்கோட்டையில, எங்க பெரியப்பா மகன் வீட்டுல இருக்கேன். இதைச் சொல்றதுக்கு ஆள் வேணும். அதான் சொல்றேன்.

எங்க சபைக்குச் சரித்திரம் உண்டு. எழுத்துல கிடையாது. சீனாவிலருந்து மலை தாண்டி வந்த சனம், பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. நாங்க இப்படி வந்தோம்னு அந்த வீட்டுத் தலைவர் எந்திரிச்சுச் சொல்லணும். கடைசியில "இருக்கோம்"னு முடிக்கணும். சபையே திருப்பி "இருக்கோம்"னு சொல்லும். மூப்பர் யாங் வீட்டுப் பேரைக் கூப்பிடுவார். வந்த வரிசையில ஒவ்வொருத்தராச் சொல்லுவாங்க. எல்லா வரியும் சேந்தாத்தான் சரித்திரம்.

அடுத்த வீட்டு வரியை யாரும் தொடக் கூடாது. வீட்டுத் தலைவர் உசுரோட இருக்கையில பொண்டாட்டி பிள்ளைகூடச் சொல்லக் கூடாது. அவர் செத்தாத்தான் அடுத்தவங்க எடுத்துக்கணும். பொண்டாட்டி எந்திரிச்சு நின்னா சபைக்குத் தெரிஞ்சிரும். தனியா சாவு சொல்ல வேண்டியதில்ல.

அன்னைக்கு லீ வீடுன்னு யாங் கூப்பிட்டார். எங்க வீடு. வென் எந்திரிச்சார். தொண்டையைச் செருமினார். அப்பத்தான் அந்த "டொக்".

கூரை விழுந்ததும் வென் என்னைய வெளிய இழுத்துட்டு ஓடுறார். ரோட்டுல லாரி. சனம் ஏறுது. "ஏறு! ஏறு!" டிரைவர் கத்துறான். என்னையத் தூக்கி உள்ள போட்டார். அவர் ஏறல. எங்க பழைய போதகர் பக்கவாதத்துல கிடக்கார். ஜெபக்கூடத்துக்குப் பின்னாடியே வீடு. யாரும் தூக்கிட்டு வரல.

"வாரேன்," அப்படின்னார். தமிழ்ல. நான் பழக்கி விட்டது. போறேன்னு சொன்னா திட்டுவேன்.

நான் திட்டுனேன். சண்டாளா, ஏறு, ஏறிருன்னு கத்துறேன். திரும்பிப் பாத்தார். ஓடுனார். லாரி கிளம்புது. டொக். விசில். நீளமாப் போச்சு. டொக். விசில். நின்னுச்சு. ஜெபக்கூடம் இருந்த திக்குல புகை. வேற எதுவும் நான் பாக்கல. சத்தியமாப் பாக்கல. அதுதான் என்னையக் கொல்லுது.

மண்டலே. ரங்கூன். பெறகு மெட்ராஸ். பெறகு பஸ்ஸு. திண்டுக்கல்ல இறங்கையில கால்ல அவரோட செருப்பு. எப்ப மாட்டுனேன்னு தெரியல.

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுல வேலை. மல்லியைப் பெட்டியில கட்டி வேன்ல ஏத்தணும். ஒருநாள் பக்கத்துக் கடை ஷட்டரை ஒருத்தன் டமார்னு இறக்கிட்டான். நான் பூ மேல குப்புறக் கிடக்கேன். "பாஷியா! பாஷியா!" கத்துறது நான்தான். "ஏலே, அந்த அக்காவைப் பாருங்கடா"ன்னு மொதல்ல சிரிச்சாங்க. நான் எந்திரிக்கல. சிரிப்பு நின்னுருச்சு. அன்னையிலருந்து ஷட்டரை மெதுவா இறக்குறானுக. நல்ல பிள்ளைக.

எங்க மதினி பாண்டியம்மா தினம் காலையில நாலு முழம் மல்லி கொண்டாந்து என் தலையில வச்சு விடும். "அவுக வந்துருவாக, வச்சுக்க." நானும் வச்சுக்குவேன்.

சபை சிதறிப்போச்சு. சிலர் தாய்லாந்து, சிலர் எல்லைக்கு அந்தப் பக்கம், சிலர் மண்டலேயில. ஞாயித்துக்கிழமை எல்லாரும் போன்ல சேருவோம். யாங் தாய்லாந்துல ஒரு மாட்டுக் கொட்டகையிலருந்து பேரு கூப்பிடுவார். லீ வீடு. நான் வாயைத் திறக்க மாட்டேன். வென் வருவார். அவர் வரி. யாங் காத்திருப்பார். சபையே காத்திருக்கும். எங்கேயோ கோழி கத்துறது கேக்கும், யாரோ மூச்சு விடுறது கேக்கும். பெறகு அடுத்த வீடு.

வாரம் போகப் போக அந்த அமைதி குறுகிச்சு. எனக்குத் தெரியாமலா இருக்கும்? மொதல்ல ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற அளவு. பெறகு ஒரு இருமல் அளவு.

போன வாரம் யாங் லீ வீடுன்னு கூப்பிடவே இல்ல. தாண்டிப் போயிட்டார். அப்படி ஒரு வீடே வராத மாதிரி.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. முடிஞ்சதும் தனியாக் கூப்பிட்டேன். "எங்க வீட்டை ஏன்யா விட்டீங்க?"

"ஒவ்வொரு வாரமும் உனக்கு வலிக்குதேம்மா. அதான்."

"வலிச்சா வலிக்கட்டும்! பேரைக் கூப்பிடுங்க!"

போனை வச்சுட்டேன். மதினி வாசப்படியில நின்னு பாத்துச்சு. "ஏத்தா, வெஞ்சனம் ஆறுது. செத்த நேரம் வந்து சாப்பிடு." சாப்பிடல. அந்த வாரம் முழுக்க யோசிச்சேன். நான் சொன்னா அவர் செத்தவர். சொல்லலைன்னா அவர் வந்ததே பொய். அவங்க அப்பா மலை தாண்டி வந்தது பொய். ரெண்டுல ஒண்ணை நான்தான் செய்யணும். என்ன கொடுமை இது.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. காலையில மதினி பூவோட வந்துச்சு. "மதினி, இன்னைக்கு வேணாம்" அப்படின்னேன். அது என் மூஞ்சியைப் பாத்துச்சு. பூவை மடியில வச்சுக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்துருச்சு. சீனம் அதுக்கு ஒரு எழுத்து தெரியாது.

போன்ல யாங் வரிசையாக் கூப்பிடுறார்.

"லீ வீடு."

எந்திரிச்சேன். போன்ல யாருக்குத் தெரியப் போகுது, ஆனா எந்திரிச்சுத்தான் சொல்லணும். சீனத்துல சொன்னேன்.

"யுன்னான்லருந்து ரெண்டு கோவேறு கழுதையோட, ஒரு மூட்டை உப்போட வந்தோம். கழுதை ரெண்டும் வழியில செத்துச்சு. உப்பை எல்லா வீட்டுக்கும் பங்கு வச்சோம். பெறகு நிலக்கோட்டைக்காரி ஒருத்தி வந்து சேந்தா. ரொம்பச் சண்டைக்காரி."

கடைசி ரெண்டும் வென் சேத்தது. எங்க கல்யாணத்தன்னைக்கு. சபையே சிரிச்சுச்சு, நான் அவரைக் கிள்ளுனேன்.

"இருக்கோம்," அப்படின்னேன்.

மொதல்ல ஒரு பொம்பளை அழுகை. பெறகு யாங். பெறகு ஒவ்வொரு ஊரா, முன்னுக்குப் பின்னா. இருக்கோம். இருக்கோம். மதினி என் கையைப் புடிச்சுக்கிட்டுச்சு.

கணக்கு இது. சபையில இருபத்தி மூணு வீடு. இன்னைக்குப் போன்ல குரல் கொடுத்தது பதினாலு. மிச்ச வீடுகள் எங்கேன்னு தெரியல, ஆனா பேரு கூப்பிடுறோம். கூரை போச்சு. தெக்குச் சுவர் போச்சு. ஆர்மோனியம் போச்சு. பழைய போதகர் போயிட்டார், அவர் ஒடம்பு கிடைச்சுச்சு. இதுவரைக்கும் யாரு கேட்டாலும் செத்தவங்க எட்டுப் பேருன்னு சொல்லிட்டு வந்தேன்.

ஒம்பது பேர். என் வீட்டுக்காரர் வெனோட சேத்து.