முணுமுணுக்க ஆளில்ல

தலைய ஆட்டாதீங்கம்மா, கத்தரி காதுல பட்டுடும்... எங்க விட்டேன்? ஆங், எங்க வீட்டுக்காரரு! மனுஷன் கெட்டுப் போயிட்டாரும்மா. குடியா? சேச்சே! அதுன்னா நாலு பேரு வந்து புத்தி சொல்லுவாங்க. இவரு சந்தோஷமா இருக்காரும்மா! நாள் பூரா! இதை எங்க போய்ச் சொல்லி அழ?

போன மாசம் சர்ச்சுல பாஸ்டர் சொன்னாரு, சந்தோஷம் தானா வராது, ஆண்டவரை நம்பி தினம் காலையில நாமதான் அதை எடுத்துக்கணும்னு. எல்லாரும் ஆமென் சொல்லிட்டு செருப்பத் தேடப் போயிட்டோம். இவரு மட்டும் அதை நெசம்னு எடுத்துக்கிட்டாரு!

உப்பில்லாம சமைச்சு வெச்சேன்... வேணும்னேதான், பின்ன? ஸ்தோத்திரம்னு சொல்லித் தட்டை வழிச்சுத் தின்னாரு. மேல்வீட்டுக்காரி சொட்டச் சொட்டத் துணி காயப்போட்டா, 'நம்ம ஜன்னலும் கழுவின மாதிரி ஆச்சு'ங்கறாரு! முன்னெல்லாம் அவளை ரெண்டு பேரும் சேந்து சாயங்காலம் பூரா திட்டுவோம்மா. என்ன ஒத்துமை! அவரு ஒண்ணு எடுத்துக் குடுக்க, நான் ஒண்ணு எடுத்து விட... இப்ப ஒத்தையில திட்ட வேண்டியிருக்கு. ருசியே இல்ல.

அதுக்குன்னு சிரிக்கிற நிலைமையா அவருக்கு? கண்ணு மங்கிக்கிட்டே வருதும்மா. அத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், சாவியக் குடுத்துட்டு வந்தாரு. நேத்து காலையில பாத்தேன்... கட்டில் ஓரத்துல உக்காந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டிருந்தாரு. 'ஆண்டவரே, இன்னைக்கும் சந்தோஷத்தையே எடுத்துக்கறேன், நீங்க கொஞ்சம் கூட நில்லுங்க'ன்னாரு. அப்புறம் விசிலடிச்சுக்கிட்டே வெளிய வந்து, 'காப்பி ஆச்சா மகாராணி?'ங்கறாரு. காப்பியில ஒரு கரண்டி சக்கரை கூடவே போட்டுக் குடுத்தேம்மா.

யாரைக் குத்தம் சொல்ல? உபவாச ஜெபத்துக்குப் போறப்பல்லாம் 'இந்தச் சிடுமூஞ்சிய மாத்துங்க ஆண்டவரே'ன்னு மன்றாடினது நான்தானே! வீட்ல ரெண்டு சிடுமூஞ்சி இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்க வேண்டாம்? இவருக்கு மட்டும் கேட்டேன், ஆண்டவரும் இவரை மட்டும் மாத்திக் குடுத்துட்டாரு.

அய்யோ, வர்றாரு பாருங்க! சுவரைத் தடவிக்கிட்டே, என்னைப் பத்திரமா கூட்டிட்டுப் போகணுமாம்! பேச்ச மாத்துங்கம்மா... வாங்க, வாங்க! நானா? முணுமுணுக்கறேனா? நான் சந்தோஷமா இருக்கேங்க! நெசமா! இன்னைலேந்து நானும்...

ஐயையோ.

ஒண்ணுமில்லம்மா, பின்பக்கம் முடி லேசா... கொஞ்சம் கூடவே போயிடுச்சு. பழக்கமில்லாத சிரிப்பு பாருங்க, கை வழுக்கிருச்சு. இருங்க, இருங்க, கண்ணாடிய இப்பவே பாக்காதீங்க. முதல்ல சந்தோஷத்தை எடுத்துக்குங்க. அப்புறமாப் பாருங்க.