பொட்டு நிற்காத விளக்கு

“ஏங்க, இந்த விளக்குல பொட்டு நிக்க மாட்டேங்குதே.”

விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா கணவரிடம் சொன்னார். அந்த அம்மாவின் மடியில் ஒரு பீங்கான் அகல் விளக்கு, விரலில் ஈரக் குங்குமம். இருவரும் விளக்குப் பட்டறை நடத்துகிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அதான் நானோ பூச்சு. தாமர எல மாதிரி, எண்ணெ, தண்ணி எதுவும் ஒட்டாது. கழுவுற வேலையே இல்ல. இனிமே எல்லாச் சாமானுக்கும் இதான் வரப்போவுதுன்னு ட்ரெய்னிங்குல சொன்னாங்க.”

‘நானோ’ எங்கள் வீட்டில் நான் மட்டும் பாடத்தில் படித்திருந்த சொல். காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எண்ணெ ஒட்டலன்னா நல்லதுதான். குங்குமமும்ல வழுக்கிட்டு வுழுவுது? பொட்டில்லாத விளக்க எந்தப் பொம்பள வாங்குவா? கார்த்திகை சரக்கு பூராவுக்கும் பூசுறேன்னு நிக்கிறீங்களே!”

“சந்தனம் வெச்சிப் பாத்தியா?”

“வெச்சேன். காஞ்சதும் உதுந்து போச்சு.”

கணவர், “அப்ப உங்க அண்ணன் பட்டறையில செய்யிற கக்கூஸ் கோப்பைக்குப் பூசச் சொல்லலாம். அதுக்கு யாரு பொட்டு வெக்கப் போறா?” என்றார்.

“போன ஆயுத பூசைக்கு அதுங்களுக்கெல்லாம் வரிசையா வெச்சது யாரு? நீங்கதான!”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விளக்கை வாங்கி, முகப்பில் விரலால் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

“இந்த எடத்த மட்டும் பூசாம வுட்டுட்டா?”

அம்மா விளக்கை உற்றுப் பார்த்தார்.

“அப்ப சரி. பூசுங்க.”